ஒரிஜினலைக் கொடுத்தேன், ரெக்கார்டிங் கேசட்டை வைத்துக்கொண்டேன்

வடசென்னையில் பட்டாளம் என்கிற பகுதியில் இருக்கிற வீட்டைக் காலி செய்கிறோம். அடுத்த மாசம் கொடுங்கையூரில் இரண்டாவது மாடிக்குக் குடி போகிறோம். அங்கே பரண் கிடையாது, மொட்டை மாடியில் அறையும் கிடையாது. முப்பத்தைந்து வருஷமாகச் சேர்த்த கேசட் என்னிடம் 1,140 இருந்தது. புது வீட்டில் இருநூறுக்குத்தான் இடம். மூன்று மாசமாக உட்கார்ந்து பிரித்து, தொள்ளாயிரத்துக்கு மேல் கொடுத்து முடித்துவிட்டேன். எதைக் கொடுத்தேன், எதை வைத்தேன் என்று பார்த்த கேசட் நண்பர்கள் சிலருக்கு என் மேல் வருத்தம். ஒருவர் போனிலேயே கோபித்துக்கொண்டார். அவர்களுக்கும், பரணில் ஒரு பெட்டி கேசட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

கேசட் சேர்ப்பவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. கம்பெனி கேசட், அதாவது கம்பெனியே பதிந்து விற்ற ஒரிஜினல், ஒசத்தி. எக்கோ, இன்ரெகோ, எச்.எம்.வி., பிரமிட் என்று பெயர் போட்டு, உள்ளே இருக்கும் அட்டை மடிப்புக் கலையாமல், டப்பாவில் கீறல் இல்லாமல் இருந்தால் நல்ல விலை. பிரிக்காத கேசட் என்றால் கேட்கவே வேண்டாம். அதற்கு அடுத்தபடி, கேட்ட பாட்டைப் பதிந்து கொடுக்கும் கடையான ரெக்கார்டிங் சென்டரில் பதிந்த கேசட். வீட்டில் டூ-இன்-ஒன்னில், அதாவது ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த பெட்டியில், பதிந்தது எதிலும் சேர்த்தி இல்லை. புரசைவாக்கத்திலிருந்து வாங்க வந்த தம்பி நல்ல பையன், வஞ்சகம் இல்லாமல்தான் சொன்னான்: "யக்கா, இத்தெல்லாம் எம்டி கேசட் வெலைக்குக்கூட போவாது. மேல வேற எதுனா ரெக்கார்ட் பண்ணிக்கலாம், அவ்ளோதான்."

நான் அந்தக் கணக்கை அப்படியே திருப்பிப் போட்டேன். கம்பெனி கேசட்டுகளைக் கொடுத்தேன். தம்பி குப்பை என்று ஒதுக்கியதை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

காரணம் எனக்குத் தெளிவாக இருக்கிறது. ஒரு படத்தின் பாட்டு லட்சக்கணக்கான கேசட்டில் போயிருக்கிறது. இன்றைக்குப் போனில் தட்டினால் வருகிறது. என்னிடம் இருப்பது தொலைந்தால் அந்தப் பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் 1987இல் எங்கள் வீட்டு முற்றத்தில் பதிந்தது உலகத்திலேயே ஒன்றுதான். இரண்டாவது பிரதி கிடையாது. இதில் எது அபூர்வம்? விலை கூடுதலாகப் போவதை அபூர்வம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது தப்பு என்று அழுத்தமாகவே சொல்கிறேன்.

கம்பெனி கேசட்டைக் கொடுப்பது வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் மாசச் சம்பளத்தில் பிராட்வேயில் வாங்கியவை ஆறு இருந்தன. அவற்றைப் பெட்டியில் போட்டுவிட்டு மறுபடியும் இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். பிறகு கொடுத்துவிட்டேன். அந்தப் பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம்.

1987இல் பதிந்த கேசட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, பி அண்ட் சி துணி மில்லில் வேலை. அந்த வருஷ போனஸில் பர்மா பஜாரில் ஒரு நேஷனல் பானாசோனிக் டூ-இன்-ஒன் வாங்கி வந்தார். வாங்கி வந்த வாரம் முழுக்க எதைக் கண்டாலும் பதிவோம். பம்பில் தண்ணி அடிப்பது, கோழி கத்துவது, சண்டை, எல்லாம். அந்தக் கேசட்டில் எங்கள் ஆயா, அதாவது பாட்டி, என் அண்ணனுடைய குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுகிறது. இரண்டு அடி பாடும், நடுவில் என்னைப் பார்த்து "அடியே, அடுப்ப பாரு" என்று திட்டும், விட்ட இடத்தில் பிடித்துப் பாடும். பின்னால் அடி பம்பு கிறீச் கிறீச்சென்று கேட்கும். எட்டாவது நிமிஷத்தில் மில்லு சங்கு ஊதும். ஊதி முடிவதற்குள் தூரத்தில் வாசப்படியிலிருந்து நைனா: "சங்கு ஊதிடுச்சு, நான் கெளம்புறேன்." அவ்வளவுதான். நைனாவின் குரல் என்று எங்கள் குடும்பத்தில் இருப்பது இந்த நான்கு வார்த்தைதான். 1996இல் மில் மூடிவிட்டார்கள். அந்தச் சங்கைக் கேட்டுத்தான் பெரம்பூர், பட்டாளம், புளியந்தோப்பு மொத்தமும் உலை வைக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பும். அந்தச் சத்தமும் இப்போது இப்படிப்பட்ட கேசட்டுகளில்தான் இருக்கிறது.

சில வருஷத்துக்கு முன்னால் இதை ஒரு கடையில் கொடுத்து கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொன்னேன். எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். கேட்காமலேயே "இரைச்சலெல்லாம் எடுத்து சுத்தமா பண்ணிட்டோம் மேடம்" என்று பெருமையாகச் சொல்லி பென் டிரைவைக் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து போட்டேன். ஆயா குரல் பளிச்சென்று இருந்தது. பம்பு சத்தம் போய்விட்டது. ஒரே சுருதியில் நீளமாக வருவது எதையும் அந்தச் சாஃப்ட்வேர் இரைச்சல் என்றுதான் எடுத்துக்கொள்கிறது. அதனால் சங்கும் போய்விட்டது. நைனா தண்ணிக்குள்ளிருந்து பேசுவது மாதிரி "சங்கு ஊதிடுச்சு" என்கிறார். எங்கேயும் சங்கு இல்லை. அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை.

நல்ல வேளை, கேசட்டைத் திருப்பி வாங்கி வந்திருந்தேன். அதனால்தான் சொல்கிறேன், "கம்ப்யூட்டரில் ஏத்திட்டேன், இனிமே இது எதுக்கு" என்று வீட்டுக் கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஏற்றும்போது முதலில் எதையும் தொடாமல், இருக்கிற இரைச்சலோடு அப்படியே வேவ் (WAV) கோப்பாக ஏற்றுங்கள். சுத்தம் செய்வதென்றால் அதன் நகலில் செய்யுங்கள். பின்னால் கேட்கும் ஆட்டோ சத்தம், குக்கர் விசில், பக்கத்து வீட்டு ரேடியோ எதுவும் குப்பை இல்லை. பேசியவர்கள் எந்தத் தெருவில், எந்த நேரத்தில் உட்கார்ந்து பேசினார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணி. அலமாரியின் கீழ்த் தட்டில் இருந்த 160 கேசட் மூழ்கிப்போனது. சாக்கடையும் கலந்த தண்ணி. அப்போது பதற்றத்தில் எல்லாவற்றையும் வெயிலில் காயப் போட்டேன். அது பெரிய தப்பு. சேறு நாடாவோடு சேர்ந்து காய்ந்தால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். சேறு காய்வதற்கு முன்னாலேயே திறந்து, நல்ல தண்ணியில் அலசி, நிழலில் வைத்து மெதுவாக ஆற விட வேண்டும். சூடு கூடவே கூடாது. திருகாணி போட்ட கேசட் என்றால் ஐந்து திருகாணியையும் கழற்றினால் திறந்துவிடும். ஒட்டிய கேசட் என்றால் ஓரத்தில் பிளேடு விட்டு நெம்பி, உள்ளே இருக்கும் நாடாச் சுருளை எடுத்து வேறு கூட்டுக்கு மாற்ற வேண்டும்.

இந்த வேலையில்தான் கம்பெனி கேசட் எனக்கு வேறு விதமாக உதவியது. கொடுத்த தொள்ளாயிரத்தில் சேராமல், திருகாணி போட்ட படக் கேசட் முப்பதைத் தனியாக எடுத்து வைத்தேன். அவற்றின் கூடும், நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிற சின்னப் பஞ்சும் நல்ல நிலையில் இருக்கின்றன. அவற்றுக்குள் இப்போது என் அத்தையின் வளைகாப்பு ஓடுகிறது, அண்ணன் பையன் ஒண்ணாவது படிக்கும்போது சொன்ன ஆத்திசூடி ஓடுகிறது. நண்பர் கோபித்துக்கொண்டது இதற்குத்தான். அவர் சொன்ன விலை எனக்கும் தெரியும்.

இனி ரெக்கார்டிங் சென்டர் கேசட். என்னைக் குழப்பியது இதுதான். இளசுகளுக்குத் தெரிய வாய்ப்பில்லை. அப்போது முழு கேசட் வாங்கக் காசு இருக்காது, அதில் நமக்குப் பிடித்த பாட்டு இரண்டுதான் இருக்கும். அதனால் ஒரு வெள்ளைத் தாளில் பாட்டு வரிசை எழுதி, எதுவும் பதியாத எம்டி கேசட்டோடு கடையில் கொடுப்போம். மூன்று நாள் கழித்து வரச் சொல்வார்கள். சி-90 என்றால் ஒரு பக்கத்துக்கு 45 நிமிஷம். பத்துப் பாட்டு எழுதிக் கொடுத்தால் சில சமயம் பத்தாவது பாட்டு இரண்டாவது சரணத்தில் அறுந்து நிற்கும். இன்றைக்கும் அந்தப் பாட்டை எங்கே கேட்டாலும் அந்த இடத்தில் என் காது நின்றுவிடுகிறது.

என்னிடம் இப்படி 230 இருந்தது. பாட்டெல்லாம் வெளியே கிடைக்கும், ஆக என் கணக்குப்படி கொடுத்திருக்க வேண்டும். ஆனால் வரிசை வெளியே கிடைக்காது. அண்ணன் அண்ணியைப் பெண் பார்த்துவிட்டு வந்த வாரம் எழுதிக் கொடுத்த வரிசை ஒன்று இருக்கிறது. ஏ சைடு முழுக்கச் சந்தோஷப் பாட்டு. பி சைடு நான்காவது பாட்டிலிருந்து சோகம். நடுவில் அவர்கள் வீட்டில் ஜாதகம் சரியில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அண்ணன் இதைப் பற்றி வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை, கேசட் சொல்கிறது. யார் எழுதிய வரிசை என்று எனக்குத் தெரிந்த 41ஐ வைத்துக்கொண்டேன். மிச்சத்தைக் கொடுத்துவிட்டேன். இதில் நான் செய்தது சரிதானா என்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்குத் தெரியாவிட்டால் என்ன, யாரோ ஒருவர் எழுதிய வரிசைதானே அதுவும்.

கானா கேசட் ஒன்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1993இல் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்தபோது, ராத்திரி முழுக்கப் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து மரண கானா பாடினார்கள். வடசென்னைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இறந்தவருடைய பேரு, அவர் இழுத்த மீன்பாடி வண்டி, அவர் பொஞ்சாதி, அவர் சண்டை போட்ட டீக்கடை எல்லாம் பாட்டுக்குள் வந்துவிடும். அந்த இடத்திலேயே கட்டிப் பாடுவது. மறுநாள் பாடியவருக்கே அது நினைவில் இருக்காது. அண்ணன் ஜன்னலில் டூ-இன்-ஒன்னை வைத்துப் பதிந்தான். ஒன்றரை மணி நேரம். மேடையில், படத்தில் கேட்கிற கானா வேறு, இது வேறு.

இதை வைத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை என்று இந்த மூன்று மாசத்தில்தான் முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டேன். பாடியவர் இப்போது இல்லை. அவர் பையன் வியாசர்பாடியில் இருக்கிறான். எதையும் தொடாமல் ஒரு நகல் எடுத்து எனக்கு வைத்துக்கொண்டு, கேசட்டை எடுத்துக்கொண்டு போய் அவனிடம் கொடுத்தேன். வீட்டில் கேசட் போட டெக் இல்லை என்றான். என்னுடைய இரண்டில் ஒன்றையும் கொடுத்துவிட்டு வந்தேன். கேசட்டை வாங்கிக்கொண்டு, மேலே வேறு எதுவும் பதிய முடியாதபடி பின்பக்கம் உடைத்திருக்கிற அந்தச் சின்னப் பிளாஸ்டிக் இடத்தை விரலால் தடவிப் பார்த்து, "இது மேல யாரும் ரெக்கார்ட் பண்ண முடியாதுல்லக்கா?" என்று கேட்டான். செல்லோ டேப் ஒட்டினால் முடியும் என்று சொன்னேன். "நம்ம வூட்ல செல்லோ டேப்பே வேணாம்" என்று அவன் பொஞ்சாதியிடம் சொன்னான்.

அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. வைத்துக்கொள்வதா, கொடுப்பதா என்று மட்டும் இத்தனை நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். இது யாருடையது என்பதை முதலில் கேட்டிருக்க வேண்டும். அதற்கப்புறம் இருபத்தி மூன்று கேசட் உரியவர்கள் வீடு தேடிப் போயிருக்கிறது. கல்யாணத்தில் பதிந்தது, பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பதிந்தது. ஒரு வீட்டில் "எதுக்குங்க இது" என்று வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார்கள். பரவாயில்லை, அதைத் திருப்பி எடுத்து வந்துவிட்டேன். அடுத்த தலைமுறை கேட்டால் கொடுப்பேன்.

ஒரே ஒரு கேசட்டுக்கு மட்டும் வழி தெரியவில்லை. 1999இல் மூர் மார்க்கெட்டில் கட்டாக நாற்பது கேசட் வாங்கினேன். பழைய மார்க்கெட் 1985இல் எரிந்த பிறகு அல்லிக்குளத்துக் கட்டடத்துக்குப் போன கடைகளில் ஒன்று. அதில் ஒரு சோனி கேசட் மேல் நீலப் பேனாவில் "வீட்டுக்கு" என்று எழுதியிருந்தது. போட்டேன். ஓர் ஆண் குரல். "அஸ்ஸலாமு அலைக்கும். நல்லா இருக்கியா? இங்க நான் நல்லா இருக்கேன்" என்று ஆரம்பித்தார். போன் பேசுவது கட்டுப்படியாகாத காலத்தில் அரபு நாடுகளுக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாக இப்படிக் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புவார்கள். மண்ணடியில் எத்தனையோ வீடுகளுக்கு அப்படி வந்திருக்கிறது. ஒரு நிமிஷம் ஓடியது. "அம்மா பக்கத்துல இருந்தா இத நிறுத்திட்டு, அப்புறமா தனியா கேளு" என்றார். நான் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் இன்றுவரை கேட்டதில்லை.

பேர் இல்லை, ஊர் இல்லை. வாங்கிய கடையும் இப்போது இல்லை. ஏலத்தில் போட முடியாது, தூக்கி எறியவும் மனம் வராது. கம்ப்யூட்டரில் ஏற்றுவதென்றால் கேட்டாக வேண்டும்.

நாடா ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க வருஷத்துக்கு ஒரு தடவையாவது எல்லாக் கேசட்டையும் முழுசாக ஓட்டி எடுக்க வேண்டும். அதை நான் போகி அன்றைக்குத் தொடங்குவேன். வெளியே பிள்ளைகள் மேளம் அடித்துக்கொண்டு பழசையெல்லாம் கொளுத்துவார்கள். இந்தச் சோனி கேசட்டின் முறை வரும்போது டெக்கில் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு ஓட விடுவேன். சி-60. ஒரு பக்கம் அரை மணி. திருப்பிப் போட்டு இன்னொரு அரை மணி. பிறகு டப்பாவில் போட்டு, "வீட்டுக்கு" என்கிற எழுத்து தெரிகிற மாதிரி வைப்பேன். புது வீட்டில் தட்டு கட்ட ஆசாரி வந்திருந்தார். இதற்குக் கண்ணுக்கு நேராக இருக்கிற தட்டைச் சொல்லியிருக்கிறேன்.