கரிபு மானில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு

கோவை, ஈரோடு பக்கம் எல்கேஜி பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படத்தாள் சுற்றுகிறது: "கரிபு மான் பெங்குவினோடு வாழும், ஆணுக்கு மட்டுமே கொம்பு, பனியைத் தின்று பிழைக்கும்."

மூன்றும் தவறு. கரிபு கனடா, அலாஸ்கா, கிரீன்லாந்துக்காரர். பெங்குவின் தென்பாதி உலகத்துப் பறவை.

கொம்பு பெண்ணுக்கும் முளைக்கும். பெரிய ஆண்கள் இணைசேரும் காலம் முடிந்து, நவம்பர் வாக்கில் உதிர்த்துவிடும். சினைமான்களோ பெரும்பாலும் மே, ஜூனில் கன்று ஈனும்வரை வைத்திருக்கும். நம் சத்தியமங்கலம் காட்டுப் புள்ளிமானிலும் கடமானிலும் ஆணுக்குத்தான் கொம்பு. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

குளிர்காலத்தில் பனியைக் குளம்பால் தோண்டி, அடியிலுள்ள லைக்கனை (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஒன்றாய் வாழும் உயிரி) தின்னும். குழந்தைக்குக் காட்ட அலாஸ்கா போக வேண்டாம், அஞ்சறைப் பெட்டி போதும்: கறிக்குப் போடும் கல்பாசியும் லைக்கன்தான், இனம் வேறு. தட்டில் கல்பாசி பரப்பி, மேலே இரண்டு விரற்கடை ரவை கொட்டி, அகலக் கரண்டியால் தோண்டச் சொல்லுங்கள். கரண்டிதான் குளம்பு. ரவைக்குப் பதில் உப்பு வேண்டாம், கண்ணில் பட்டால் எரியும்.

அலாஸ்கா அரசின் மீன், வனவிலங்குத் துறை இணையதளத்தில் கரிபு பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் படத்தாள் வந்தால் யாருக்கும் அனுப்பாதீங்க. அனுப்பியவருக்கு மட்டும் இதைச் சொல்லிவிடுங்க.