ஷுமானின் ‘நிலவிரவு’ இரங்கற்பாடல் அன்று

ஜெர்மானிய இசையமைப்பாளர் ராபர்ட் ஷுமான், மனைவி கிளாரா இறந்த இரவில் நிலவைப் பார்த்து அழுதபடியே ‘மோண்ட்நாஹ்ட்’ (நிலவிரவு) பாடலைத் தாமே எழுதி இசையமைத்தார் என்றொரு செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் பரவி வருகிறது. இது உண்மையன்று.

இப்பாடலுக்கு ஷுமான் இசையமைத்தது 1840 மே மாதத்தில். அப்போது அவருக்குத் திருமணமே ஆகியிருக்கவில்லை. கிளாராவின் தந்தை மறுத்ததால் நீதிமன்றம் வரை சென்று அனுமதி பெற்று, அதே ஆண்டு செப்டம்பர் 12 அன்றுதான் இருவரும் மணந்துகொண்டனர். ஷுமான் 1856இல் காலமானார். கிளாராவோ அதன்பின் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து, கணவரின் படைப்புகளை மேடைகளில் பியானோவில் வாசித்து, பதிப்பித்து, 1896இல் மறைந்தார். அத்தகைய பெருங்கலைஞரை இளமையிலேயே இறந்தவராகக் காட்டுவது அவருடைய உழைப்பை மறைப்பதாகும் என்பதே எனக்கு வருத்தம்.

கவிதையும் ஷுமானுடையதன்று. வானம் பூமியை ஓசையின்றி முத்தமிட்டதுபோல் தொடங்கி, வயலில் அசையும் கதிர்களையும் காட்டின் மெல்லிய சலசலப்பையும் விண்மீன் தெளிந்த இரவையும் கடந்து, சிறகு விரித்த உயிர் வீடு நோக்கிப் பறப்பதுபோல் முடியும் அவ்வரிகளை இயற்றியவர் ஜெர்மானியக் கவிஞர் யோசஃப் ஃபான் ஐஷன்டோர்ஃப்.

பன்னிரண்டு பாடல்கள் கொண்ட ‘லீடர்கிரைஸ்’ (பாடல் வட்டம்) என்னும், ஷுமானின் படைப்பு வரிசையில் 39ஆம் எண் பெற்ற தொகுப்பில் இது ஐந்தாவது. ஐ.எம்.எஸ்.எல்.பி. இணைய நூலகத்தில் இத்தொகுப்பின் இசைக்குறிப்பை எவரும் இலவசமாகத் திறந்து, கவிஞர் பெயரைச் சரிபார்க்கலாம். அச்செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேலும் பகிராதீர்கள். அனுப்பியவருக்கும் இந்த ஆண்டுகளைத் தெரிவியுங்கள்.