கே எண்ணை அப்படியே போடாதீர்கள்

முன்னழுத்த கான்கிரீட் பாலங்களில் எஃகு கேபிளை இழுக்கும்போது அது குழாயோடு உரசுவதால் விசை குறையும்; இதுதான் உராய்வு இழப்பு. இதைக் கணக்கிட இந்தியப் பாலத் தரநூலான ஐஆர்சி 112 இரண்டு எண்கள் தருகிறது: மியூ (உராய்வுக் கெழு), கே (குழாயின் எதிர்பாராத நெளிவுக்கான எண்). "எந்த மென்பொருளாக இருந்தாலும் ஐஆர்சி 112 அட்டவணையில் உள்ள கே, மியூ எண்களை அப்படியே போட்டால் போதும், உராய்வு இழப்பை அதுவே பார்த்துக்கொள்ளும்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இது தவறு, ஆபத்தான தவறும்கூட.

கேபிளில் மிஞ்சும் விசைக்கான ஐஆர்சி சூத்திரத்தில் e-யின் எதிர்ம அடுக்கு (மியூ × கோணம் + கே × நீளம்). ஐரோப்பியத் தரநூலான யூரோகோடில் மியூ × (கோணம் + கே × நீளம்). இரண்டிலும் கே என்றே எழுதுகிறார்கள், ஆனால் பொருள் வேறு. யூரோகோடு முறையில் கணக்கிடும் மென்பொருளில் ஐஆர்சி எண்ணைப் போட்டால், கே மறுபடியும் மியூவால் பெருக்கப்பட்டுச் சுருங்கிவிடும்.

40 மீட்டர் கர்டர் (பாலத்தின் உத்தரம்), கேபிளை ஒரு முனையிலிருந்து மட்டும் இழுக்கிறோம், மொத்தக் கோண மாற்றம் 0.28 ரேடியன், மியூ 0.25, கே மீட்டருக்கு 0.0046 என்று வைத்துக்கொள்வோம். ஐஆர்சி முறையில் மறுமுனையில் இழப்பு சுமார் 22%. தவறான இடத்தில் போட்டால் 11% என்றுதான் காட்டும். சரி பாதி! மென்பொருள் எச்சரிக்காது, ஏனென்றால் அதைப் பொறுத்தவரை உள்ளீட்டில் பிழையே இல்லை. வடிவமைப்பில் இருப்பதாக நினைத்த அழுத்தம் கர்டரில் இருக்காது. கட்டுமான இடத்தில் கேபிள் நீட்சி கணக்கைவிடக் குறையும்போதுதான் பலருக்குச் சந்தேகமே வருகிறது.

யூரோகோடு வடிவமென்றால் கேயை மியூவால் வகுத்துப் போடுங்கள், இங்கே 0.0184. அப்புறம் ஒரே ஒரு கேபிளுக்காவது கையால் கணக்கிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள், பத்து நிமிட வேலைதான்.