க்ரெட்டா எலக்ட்ரிக்கா, பிஇ 6ஆ? ஷோரூமுக்குப் போகுமுன் ஈபி கார்டையும் டேப்பையும் எடுங்கள்

சென்னையில் 20 லட்சத்தைத் தாண்டி எலக்ட்ரிக் எஸ்யூவி தேடுகிறவர்களில் பலர் கடைசியில் வந்து நிற்பது இந்த இரண்டில்தான்: ஹூண்டாய் க்ரெட்டா எலக்ட்ரிக், மஹிந்திரா பிஇ 6. இரண்டுக்கும் நம்ம ஊர் சம்பந்தம் உண்டு. க்ரெட்டா தயாராவது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில். பிஇ 6 தயாராவது புனே பக்கம் சாக்கனில் என்றாலும் அதன் பொறியியல் வேலை நடந்தது மஹிந்திரா வேர்ல்டு சிட்டி ஆராய்ச்சி மையத்தில். 2024 நவம்பர் 26 அன்று அறிமுகமானதும் சென்னையில்தான். ஊர்ப்பாசத்தை வைத்து முடிவெடுக்க முடியாது.

விலையிலிருந்து ஆரம்பிக்கிறேன், குழப்பமே அங்கேதான். க்ரெட்டாவில் 42, 51.4 என்று இரண்டு பேட்டரி, பிஇ 6இல் 59, 79. இந்தக் கிலோவாட் ஹவர் கணக்கெல்லாம் உங்கள் ஈபி பில்லில் வரும் அதே யூனிட்தான். பெரிய பேட்டரி க்ரெட்டாவின் உச்ச வேரியன்ட் அறிமுகமானபோது எக்ஸ்ஷோரூம் 23.50 லட்சம். பிஇ 6இல் 79 யூனிட் பேட்டரியோடு பேக் டூ என்ற வேரியன்ட் வந்தபோது அதுவும் 23.50 லட்சம். அதே காசுக்கு 27 யூனிட்டுக்கு மேல் கூடுதல் பேட்டரி கிடைக்கிறதே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். யோசிக்க நிறைய இருக்கிறது.

முதலில் அகலம். க்ரெட்டா 1790 மில்லிமீட்டர், பிஇ 6 1907. நீளத்தில் பெரிய வித்தியாசமே இல்லை, 4340க்கும் 4371க்கும் 31 மில்லிமீட்டர்தான். தமிழ்நாடு கட்டட விதிகளின்படி ஒரு கார் நிறுத்தும் இடம் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். பிஇ 6ஐ நட்டநடுவில் நிறுத்தினால் ஒவ்வொரு பக்கமும் 30 சென்டிமீட்டர்கூட மிஞ்சாது, க்ரெட்டாவுக்கு 35. இது காகிதக் கணக்கு. நம்ம ஸ்டில்ட் பார்க்கிங்கில் தூண் அந்த இரண்டரை மீட்டருக்குள்ளேயே மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். டேப்பை எடுத்து தூணுக்குத் தூண் அளந்து பாருங்கள். பக்கத்து ஸ்லாட்டில் எப்போதும் கார் நிற்குமா, டிரைவர் பக்கக் கதவு திறக்கும் திசையில் சுவர் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் மாடவீதிச் சந்துகளில் தினம் ஓட்டுகிறவர்களுக்கு இந்த 12 சென்டிமீட்டர் வித்தியாசம் தினம் தெரியும்.

சார்ஜிங் போர்ட் எங்கே இருக்கிறது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். க்ரெட்டாவுக்கு மூக்கில், பிஇ 6க்குப் பின்பக்கம். வால்பாக்ஸ், அதாவது சுவரில் மாட்டும் சார்ஜர், எதிர்ச் சுவரில் என்றால் க்ரெட்டாவை நேராக உள்ளே விடலாம், பிஇ 6ஐ ரிவர்ஸில் நுழைக்க வேண்டும். சார்ஜர் ஒயர் பெரும்பாலும் 5 மீட்டர் சுற்றித்தான் வரும். தூணைச் சுற்றி இழுத்தால் எட்டாமல் போகும், எட்டினாலும் நடைபாதையில் கிடந்து மிதிபடும்.

அடுத்து ஈபி. பெரும்பாலான ஃபிளாட்டுகளில் சிங்கிள் ஃபேஸ், அல்லது த்ரீ ஃபேஸ் இருந்தும் அனுமதிக்கப்பட்ட சுமை நாலைந்து கிலோவாட்டுக்குள். உங்கள் ஈபி கார்டை எடுத்து இதைப் பாருங்கள். இரண்டு கம்பெனிகளும் விற்கும் 11 கிலோவாட் சார்ஜருக்கு த்ரீ ஃபேஸ் வேண்டும். 7.2 கிலோவாட் சார்ஜர் சிங்கிள் ஃபேஸில் 32 ஆம்பியர் இழுக்கும். இரவு இரண்டு ஏசி, ஒரு கீசரோடு இது சேர்ந்தால் மெயின் டிரிப் ஆகத்தான் செய்யும். வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான் என்றால், 11 கிலோவாட் சார்ஜர் அதில் எத்தனை ஆம்பியர் எடுக்கும் என்று விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். சில வண்டிகள் 16 ஆம்பியரிலேயே நின்றுவிடும். அப்புறம் அந்த 70 ஆயிரம் சொச்சம் சார்ஜர் வெறும் சுவர் அலங்காரம்.

ஷோரூமில் யாரும் சொல்லாத ஒன்று: தினம் 40, 50 கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு வால்பாக்ஸே தேவையில்லை. 50 கிலோமீட்டருக்கு 7 யூனிட் செலவாகும். 16 ஆம்பியர் பிளக்கில் மூன்று மணி நேரத்தில் அது திரும்ப ஏறிவிடும். ஆனால் பிளக் உருப்படியாக இருக்க வேண்டும். சாதாரண 16 ஆம்பியர் சாக்கெட் கீசருக்கு அரை மணி நேரம் தாங்கும், காருக்கு எட்டு மணி நேரம் தொடர்ந்து 13 ஆம்பியர் தாங்காது. உள்ளே ஸ்பிரிங் தளர்ந்து, சூடாகி, பிளாஸ்டிக் உருகும். நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போடுங்கள். மீட்டரிலிருந்து தனி லைன், 4 ஸ்கொயர் எம்எம் காப்பர், மின்கசிவு வந்தால் தானாக டிரிப் ஆகும் தனி ஆர்சிபிஓ, 30 மில்லி ஆம்பியர், டைப் ஏ. வால்பாக்ஸ் என்றால் 6 ஸ்கொயர் எம்எம். மீட்டர் ரூமிலிருந்து பார்க்கிங் வரை 40 மீட்டர் ஓடினால் 10 போடுங்கள். 32 ஆம்பியரில் 6 ஸ்கொயர் எம்எம் அந்தத் தூரத்துக்கு 9 வோல்ட்டை விழுங்கும். கோடையில் இரவு வோல்டேஜ் ஏற்கெனவே தள்ளாடும் தெருக்களில் சார்ஜிங் பாதியில் நிற்க இதுவே போதும்.

புது வண்டி, புது சார்ஜர், முதல் நாளே சிவப்பு விளக்கு என்றால் பெரும்பாலும் எர்த்திங் கோளாறு. வண்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மல்டிமீட்டரில் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஈசிஆர் பக்கம் மணல் காய்ந்தால் எர்த் ரெசிஸ்டன்ஸ் ஏறும், உப்புக்காற்றும் உப்புத் தண்ணீரும் எர்த்துக்குப் புதைத்த இரும்பு (ஜிஐ) பைப்பை அரித்துவிடும். காருக்கென்று தனி எர்த் பிட் போடுவது நல்லது.

வேளச்சேரி, மடிப்பாக்கம், முடிச்சூர் பக்கம் இருக்கிறவர்கள் வால்பாக்ஸை எலக்ட்ரீஷியன் கை எட்டுகிற உயரத்தில் மாட்டவிடாதீர்கள். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள், அதற்கு மேலே மாட்டுங்கள். பேட்டரிக்கு ஐபி67 என்று போட்டிருப்பது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் என்ற ஆய்வகச் சோதனை. இரண்டு நாள் சாக்கடைத் தண்ணீரில் ஊறுவதற்கு அது உத்தரவாதம் இல்லை. ஊறிய வண்டியை ஆன் செய்யவும் கூடாது, சார்ஜில் போடவும் கூடாது, ஃபிளாட்பெட்டில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். க்ரெட்டா முன்சக்கர இழுவை, பிஇ 6 பின்சக்கர இழுவை. இழுக்கிற சக்கரம் தரையில் உருள மோட்டாரும் சேர்ந்து சுழலும், கட்டி இழுப்பது இரண்டுக்குமே ஆகாது. மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக கார் நிறுத்துகிறவர்களைக் கிண்டல் செய்கிறவர்கள் இன்ஷூரன்ஸ் பாலிசியைப் படித்ததில்லை என்றுதான் அர்த்தம்.

இனி பேட்டரி. இரண்டும் லித்தியம்தான், உள்ளே ரசாயனம் வேறு: க்ரெட்டாவில் என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்), பிஇ 6இல் எல்எஃப்பி (இரும்பு பாஸ்பேட்). என்எம்சியை 100 சதவீதம் ஏற்றி சித்திரை வெயிலில் நாள் முழுக்க நிறுத்துவது அதற்கு ஆகாது, ஆயுள் குறையும். தினசரி ஓட்டத்துக்கு 80இல் நிறுத்துங்கள், வெளியூர் போகிற நாள் விடிகாலையில் 100 ஏறி முடிகிற மாதிரி டைமர் வையுங்கள். எல்எஃப்பி வெயிலையும் முழு சார்ஜையும் இதைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் அதற்கு வேறொரு குணம்: சார்ஜ் குறைந்தாலும் வோல்டேஜ் நெடுந்தூரம் மாறாமலே இருக்கும், அதனால் எவ்வளவு மிச்சம் என்று வண்டியின் கம்ப்யூட்டரால் துல்லியமாகச் சொல்ல முடியாது. வாரம் ஒருமுறையாவது 100 ஏற்றினால்தான் கணக்கு சரியாகும். பல வாரம் 30க்கும் 70க்கும் நடுவிலேயே ஓட்டினால் 12 காட்டிய மீட்டர் சட்டென்று 6க்கு விழுந்து பயமுறுத்தும். கோளாறு இல்லை, முழு சார்ஜ் ஒன்று போட்டால் சரியாகும்.

க்ரெட்டா பேட்டரிக்கு வாரண்டி 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர். மஹிந்திரா முதல் தனிநபர் உரிமையாளருக்கு ஆயுள் வாரண்டி கொடுக்கிறது. ஐந்து வருடத்தில் விற்கப் போகிறவர் அதற்குப் பெரிய மதிப்பு கொடுக்க வேண்டாம், வைத்து ஓட்டுகிறவர் கொடுக்கலாம்.

ரேஞ்ச் விஷயத்தில் பிரோஷரை மூடி வையுங்கள். அறிமுகத்தில் ஒரு முழு சார்ஜுக்கு கம்பெனிகள் சொன்னது க்ரெட்டா 51.4க்கு 473 கிலோமீட்டர், பிஇ 6 79க்கு 680க்கு மேல். சென்னையில் ஏசி போட்டு க்ரெட்டா 100 கிலோமீட்டருக்கு 14 யூனிட், பைபாஸில் 100 வேகத்தில் 16.5 என்று வையுங்கள். பிஇ 6 கனமான வண்டி, பைபாஸில் 17.5. நெடுஞ்சாலையில் நிம்மதியாகப் பயன்படுத்துவது 80லிருந்து 10 வரை, அதாவது 70 சதவீதம். அந்தக் கணக்கில் க்ரெட்டா சுமார் 218 கிலோமீட்டர், பிஇ 6 59 சுமார் 236, 79 என்றால் 316. 59க்கும் க்ரெட்டாவுக்கும் 18 கிலோமீட்டர்தான் வித்தியாசம் என்பதைக் கவனியுங்கள். பிஇ 6 வாங்குவதென்றால் 79 வாங்குங்கள் என்று சொல்வது அதனால்தான். 59ஐ எடுத்தால் அகலத்தின் கஷ்டம் மட்டும் வரும், தூரத்தின் லாபம் வராது.

சார்ஜிங் வேகத்தில் பிஇ 6 காகிதத்தில் எங்கோ இருக்கிறது: 20லிருந்து 80க்கு 20 நிமிடம். க்ரெட்டாவுக்கு 50 கிலோவாட்டில் 10லிருந்து 80க்கு 58 நிமிடம். அந்த 20 நிமிடத்துக்கு 79 பேட்டரியென்றால் 175 கிலோவாட் தரும் சார்ஜர் வேண்டும். திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை வழியில் நிறைய இடங்களில் இருப்பது 60 கிலோவாட், இரண்டு கன் (வண்டியில் செருகும் முனை). பக்கத்தில் இன்னொரு வண்டி செருகினால் ஆளுக்கு 30. தனியாக நின்றாலும் 150 ஆம்பியர் வரம்புள்ள சார்ஜர் 350 வோல்ட் பேட்டரிக்கு 52 கிலோவாட்தான் தரும். அங்கே இரண்டு வண்டியும் கிட்டத்தட்ட ஒரே வேகம். நீங்கள் அடிக்கடி போகும் பாதையில் 120க்கு மேல் தரும் சார்ஜர் எத்தனை, அதில் எத்தனை வேலை செய்கிறது என்று ஆப்பில் ஒரு வாரம் கவனித்துவிட்டு அந்த 20 நிமிடத்துக்குக் காசு கொடுங்கள்.

செலவுக் கணக்கு. மாதம் 1200 கிலோமீட்டர், சார்ஜிங் இழப்பையும் சேர்த்தால் இரண்டு மாதத்துக்கு 380 யூனிட். வீட்டுக்கு ஏற்கெனவே 600 ஓடுகிறது என்றால், 2024 ஜூலைக் கட்டணப்படி முதல் 200 யூனிட் 9.65, அடுத்த 180 யூனிட் 10.70. மொத்தம் 3,856 ரூபாய். லிட்டருக்கு 12 கொடுக்கும் பெட்ரோல் வண்டி அதே 2400 கிலோமீட்டருக்கு, லிட்டர் 100 ரூபாய் என்றால், 20,000 குடிக்கும். ஒரு விஷயம் மட்டும்: இதுவரை 500க்குள் இருந்த வீடு காரால் 500ஐத் தாண்டினால் கீழ்ப்படிகளின் சலுகையும் குறையும். முதல் பில் அதிர்ச்சி தருவது அதனால். வெளியே டிசி சார்ஜிங், அதாவது ஃபாஸ்ட் சார்ஜிங், யூனிட் 20 ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். வீட்டில் பிளக்கே இல்லாமல் வெளிச் சார்ஜரை மட்டும் நம்பி இரண்டில் எதையும் வாங்காதீர்கள்.

டயர் பற்றிச் சுருக்கமாக. க்ரெட்டாவுக்கு 215/60 ஆர்17, பிஇ 6க்கு வேரியன்டைப் பொறுத்து 245 அகலத்தில் 18 இன்ச்சோ அதற்கு மேலோ. நாலு டயர் மாற்றும்போது வித்தியாசம் கையைக் கடிக்கும். மோதல் சோதனையில் பிஇ 6 பாரத் என்கேப்பில் 5 நட்சத்திரம் வாங்கியது, அது அதன் பெரிய பலம். பின் சீட்டில் வீட்டுப் பெரியவர்களை அரை மணி நேரம் உட்காரவையுங்கள். இரண்டிலுமே கீழே பேட்டரி இருப்பதால் தளம் உயர்ந்து முழங்கால் தூக்கும், பிஇ 6இல் கண்ணாடியும் சின்னது. டெஸ்ட் டிரைவ் மதியம் 2 மணிக்குக் கேளுங்கள், கண்ணாடிக் கூரை உள்ள வேரியன்ட் என்றால் கட்டாயம்.

என் பார்வையில், ஃபிளாட், ஒரே கார், ஓட்டம் பெரும்பாலும் ஊருக்குள், வருடத்துக்கு நாலைந்து முறை பாண்டியோ வேலூரோ என்றால் க்ரெட்டா 51.4. நடு வேரியன்டே போதும். வெளியூரே போவதில்லை என்றால் 42ஐயும் பாருங்கள். தனி வீடு, த்ரீ ஃபேஸ், மாதம் ஒருமுறை மதுரையோ கோவையோ என்றால் பிஇ 6 79. அகலத்துக்கு இடமும் இருக்கிறது, பேட்டரிக்கு வேலையும் இருக்கிறது.

எதை எடுத்தாலும் டெலிவரிக்கு முந்தின நாள் யார்டுக்குப் போய் வண்டியின் அடையாள எண் உள்ள விஐஎன் தட்டில் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா, பஞ்சர் கிட்தானா என்று பாருங்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் 12 வோல்ட் பேட்டரியை டெஸ்டரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், அது செத்தால் பெரிய பேட்டரி நிறைய இருந்தும் கதவே திறக்காது. ஏசி (வீட்டில் போடுவது), டிசி (வெளியே ஃபாஸ்ட்) சார்ஜர் இரண்டிலும் பத்துப் பத்து நிமிடம் உங்கள் கண்முன் சார்ஜ் ஏற்றிக் காட்டிய பிறகு மீதிப் பணத்தை அனுப்புங்கள்.