கிரீ வெட்டிவிட்டுப் போகும் கத்தரிக்கோல் அல்ல

"கிரீ நொதியும் மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் மாதிரிதான், டி.என்.ஏ.வை வெட்டிப் போடும், செல்தான் ஒட்டிக்கொள்ளும்" என்று எழுதியிருக்கிறீர்கள் நண்பரே. இதில் ஒட்டுவது பற்றிய பகுதி தவறு.

பி1 என்ற பாக்டீரிய வைரஸிலிருந்து வந்த கிரீ, வெட்டுவதையும் ஒட்டுவதையும் தானே செய்கிறது. டி.என்.ஏ.வில் அது தேடும் லாக்ஸ்பி என்ற இடத்தின் நீளம் 34 கார இணைகள், அதாவது 34 எழுத்து இணைகள். இரு ஓரமும் 13, நடுவில் 8. ஒவ்வொரு ஓரத்தையும் ஒரு கிரீ மூலக்கூறு கிடுக்கிபோல் சுற்றிப் பிடிக்கிறது. இரண்டு லாக்ஸ்பி சேர்ந்தால் நான்கு மூலக்கூறுகள், ஒன்றின் வால் அடுத்ததற்குள் செருகியபடி வளையமாக நிற்கும். 1997-இல் வெளிவந்த படிக அமைப்பில் இதைப் பார்க்கலாம், அவ்வளவு அழகு!

இந்த நான்கில் ஒரே நேரத்தில் இரண்டு மட்டுமே வெட்டும். அப்போது கிரீயின் 324-ஆம் இடத்து அமினோ அமிலமான டைரோசின் அறுந்த இழையின் முனையோடு பிணைந்துகொள்கிறது. பிணைப்பின் ஆற்றல் வீணாவதில்லை, அதனால் செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு இல்லாமலே இழைகள் இடம் மாறி ஒட்டுகின்றன. அப்புறம் மற்ற இரண்டின் முறை. முனைகள் தளர்ந்து கிடப்பதே இல்லை.

கிரிஸ்பரில் வெட்டும் நொதியான காஸ்9 அப்படியல்ல. இரண்டு இழைகளையும் அறுத்துவிடும். ஒட்டுவது செல்லின் வேலை, அதில் எழுத்துகள் விடுபடவோ கூடவோ செய்யலாம்.