பெரியம்மா வீட்டு ஜாடி

"ஒயின் ஐடி வேலையோடு வந்த பழக்கம், தமிழ்க் குடும்பங்களுக்கு அதைப் பற்றி நினைவே கிடையாது" என்று ஒயின் பற்றிய ஒரு கட்டுரையில் எழுதியிருப்பது எங்கள் நாகப்பட்டினம் பக்கம் எடுபடாது. நவம்பர் தொடக்கத்திலேயே எங்கள் பெரியம்மா கம்பம் பன்னீர் திராட்சை இரண்டு கிலோ வாங்கி, கழுவித் துடைத்து, ஊறுகாய் ஜாடியில் சர்க்கரை, ஒரு கைப்பிடி கோதுமை, பட்டை, கிராம்பு போட்டுப் பிசைந்து, வாயைத் துணியால் கட்டி அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்துவிடுவார், கிறிஸ்துமஸ் அன்று கேக்கோடு ஆளுக்கு அரை டம்ளர், பிள்ளைகளுக்கு ஒரு ஸ்பூன். அந்தக் கட்டுரைக்கு வந்த கருத்துகளில் ஒருவர், வீட்டில் செய்யும் ஒயின் "வெறும் ஜூஸ்தானே" என்று கேட்டிருக்கிறார். இல்லைங்க, நன்றாகவே நுரைக்கும், ஒரு வருடம் நான் அவசரப்பட்டு பாட்டிலில் ஊற்றி மூடியை இறுக்கித் திருக, நடுராத்திரியில் அது வெடித்து, புதிதாக வெள்ளையடித்த சுவர் முழுக்க ஊதா, மூன்று பொங்கல் வரை அந்தக் கறை போகவில்லை. அப்புறம், 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காரைக்கால் எங்களுக்கு 20 கிலோமீட்டர்தான், அங்கிருந்து அப்பா ஒருமுறை இனிப்பே இல்லாத சிவப்பு ஒயின் வாங்கி வந்தார், அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு "கஷாயத்துக்கா இவ்வளவு காசு" என்று கேட்டது இன்றும் காதில் இருக்கிறது. எனக்கும் பெரியம்மாவின் தித்திப்புதான் பிடிக்கும், ரசனை இல்லாதவன் என்று சொன்னாலும் சரி. சாராயம் விற்கிற கடையை 'ஒயின்ஷாப்' என்று சொல்லிப் பழகிய ஊரில், நிஜ ஒயின் அரிசி மூட்டைக்குப் பின்னால்தான் இருந்தது.