படகின் ஆழம் குறித்து ஒரு திருத்தம்

பாக் நீரிணையில் கரையோர மீன்பிடிப்புக்கு முதல் ஃபைபர் படகு வாங்க விரும்பும் நண்பருக்கு, விலைப்பட்டியலில் படகு நீரில் அமிழும் ஆழம் 20 செ.மீ. என்று போட்டிருந்தால் முழங்கால் அளவுக்கும் குறைந்த நீரிலும் படகு தடையின்றி ஓடும் என்று சொல்லப்படுவதுண்டு. மன்னிக்கவும், அது சரியன்று. அவ்வெண் பெரும்பாலும் சுமை ஏற்றாத, இன்ஜினைத் தூக்கி வைத்த வெறும் படகுக்கு உரியது.

நீர்மட்டத்தில் சுமார் 6 மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உள்ள படகு, அணியம் (படகின் முன்பகுதி) குறுகுவதைக் கழித்தால், ஒரு சென்டிமீட்டர் இறங்க ஏறத்தாழ 65 கிலோ போதும். இரண்டு பேர், இன்ஜின், பெட்ரோல், வலை, ஐஸ் பெட்டி எல்லாம் சேர்ந்து 300 கிலோ என்றால் நான்கைந்து சென்டிமீட்டர் இறங்கிவிடும். சுமை பின்பக்கம் குவிந்தால் அங்கே இன்னும் கூடும். இதைவிடப் பெரிய கணக்கு இன்ஜினுடையது: நீரில் இறக்கிய அவுட்போர்டின் (படகின் பின்புறம் வெளியே மாட்டும் இன்ஜின்) அடிக்கத்தி, அதாவது புரொப்பெல்லருக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் தகடு, படகின் அடிப்பாகத்துக்கும் கீழே ஒரு சாணாவது தொங்கும் என்பதால், ஓடுவதற்கு ஏறக்குறைய அரை மீட்டர் நீர் வேண்டும். கடற்பாசியும் கடற்புல்லும் அடர்ந்த நம் கரையில் இந்த வித்தியாசம் புரொப்பெல்லரை உடைக்கும், புல்லையும் வேரோடு பறிக்கும்.

சரிபார்ப்பது எளிது. வாங்குவதற்கு முன் இடுப்பளவு நீரில் படகை நிறுத்தி, வெறும் படகின் நீர்மட்டத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். தொழிலுக்குப் போகும் முழுச் சுமையையும் ஏற்றி, இன்ஜினை இறக்கி, நீர்மட்டத்திலிருந்து அடிக்கத்தியின் நுனிவரை அளவுகோலால் அளந்து பாருங்கள்.